கிரைண்டருக்கு ஒரு ஜோடி செருப்பு

போன வாரம் ரெஜினா வீட்டுக்கு வந்தார். காபி குடிக்கத்தான் வந்தார். ஆனால் டம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை. சமையலறைத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதென்ன செருப்பு?"

கிரைண்டர் வைத்திருக்கும் மேடைக்குக் கீழே, நீல வார் போட்ட ரப்பர் செருப்பு ஒரு ஜோடி.

"அதா? அது கிரைண்டர் செருப்பு."

"கிரைண்டர் செருப்போ?"

"மாவு அரைக்கறப்ப மட்டும் போட்டுக்குவேன். இல்லீன்னா தொடறப்ப லேசா சுர்ர்ருங்கும்."

'சர்க்கரை போதுமா' என்று கேட்கிற தொனியில்தான் இதைச் சொன்னேன். ரெஜினா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

ரெஜினாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்க்காரர். இங்கே ஆக்லாந்தில், லின்ஃபீல்ட் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. லைசென்ஸ் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன். சொந்த வேன், வேனில் கொட்டை எழுத்தில் சொந்தப் பெயர், தெருக்கோடி வரை கேட்கும் சிரிப்பு. அடக்க ஒடுக்கத்துக்கும் அவருக்கும் அறிமுகமே கிடையாது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

அந்த ரெஜினாவே சிரிக்காமல் குனிந்து செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்... உங்கள் வீட்டில் கிரைண்டர் செருப்பு இருந்ததா, இல்லையா? சில வீடுகளில் செருப்புக்குப் பதில் பலகை. சில வீடுகளில் மடித்துப் போட்ட சாக்கு. அயர்ன் பாக்ஸைப் பிடிப்பதற்கு முன் புறங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்த்ததில்லையா? புதிதாக வந்த மருமகளிடம், "இந்த மோட்டார் சுவிட்சை மட்டும் குச்சியால போடணும் கண்ணு" என்று குடும்ப ரகசியம்போல் சொன்னதில்லையா?

நம் வீடுகளில் பழுதான பொருளை நாம் மாற்றுவதில்லை. நம்மை மாற்றிக்கொள்வோம். கதவு இறுகிக்கொண்டால் கொஞ்சம் தூக்கித் தள்ளப் பழகுவோம். குழாய் சொட்டினால் பக்கெட் வைப்போம். கரண்ட் அடித்தால் செருப்பு போட்டுக்கொள்வோம். இதற்கு 'அட்ஜஸ்ட் பண்ணிக்கிறது' என்று கௌரவமாக ஒரு பெயர் வேறு!

கோயம்புத்தூர்க்காரி கிரைண்டர் இல்லாமல் நாடு விட்டு நாடு போவாளா? பெட்டியிலிருந்து பட்டுப்புடவைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் கல்லை வைத்தவள் நான். ஆக்லாந்து வந்து, பெட்டியைப் பிரித்து, பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தால்... மேலே சாய்வாக இரண்டு கீறல், கீழே நேராக ஒன்று. அழுமூஞ்சிப் பொம்மை மாதிரி ஒரு சாக்கெட். நம் பிளக்கிலோ உருண்டை உருண்டையாக மூன்று கால்.

என் கணவர் முரளி அக்கவுன்டன்ட். ஆனால் ஒயர் என்று வந்துவிட்டால் அவருக்குள் ஒரு விஞ்ஞானி விழித்துக்கொள்வார்.

"ஒண்ணும் பயமில்ல. வோல்டேஜ் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான். பிளக்தான் வேற" என்றார். அதுவரைக்கும் சரிதான். பிறகு ஏர்போர்ட்டில் வாங்கிய டிராவல் அடாப்டரை எடுத்து மாட்டினார். எந்த நாட்டுப் பிளக்கும் நுழையும் என்று அட்டையில் போட்டிருந்தது. நுழைந்தது. கிரைண்டர் சுற்றியது. மறுநாள் ஆக்லாந்தில் எங்கள் முதல் தோசை. கூடவே, தொட்ட இடத்தில் சுர்ர்ர். ஊரிலும் இப்படித்தானே இருந்தது என்று நான் பாட்டுக்குச் செருப்பைத் தேடினேன்.

போன வாரத்துக்கு வருவோம். ரெஜினா சுவிட்சை அணைத்தார். அடாப்டரைப் பிடுங்கி என் கண் முன்னால் நீட்டினார்.

"முன்பக்கம் எத்தனை கால் உள்ளுக்குப் போகுது?"

"மூணு."

"பின்பக்கம் எத்தனை வெளிய வருது?"

திருப்பிப் பார்த்தேன். இரண்டு.

"அப்ப மூண்டாவது எங்க போச்சுது?"

எங்கே போனது? நான் அடாப்டரை உதறிப் பார்த்தேன். ஹாலிலிருந்து வந்து நின்ற விஞ்ஞானியும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது சும்மா ஓட்டை அக்கா. பின்னால ஒண்டுமில்லை. எர்த் கம்பி அந்தரத்தில நிக்குது. கரண்ட் கசிஞ்சா நிலத்துக்குப் போற வழி அந்தக் கால்தான். அது இல்லாட்டி உங்களுக்குள்ளால போகும். இந்தச் சாமான் பிரயாணத்தில போன் சார்ஜ் பண்ணுறதுக்கு. நெடுக மாட்டி வச்சு மோட்டார் ஓட்டுறதுக்கில்லை."

முரளி தொண்டையைச் செருமினார். "மூணாவது பின் ஒரு சேஃப்டிக்குத்தானே... அது இல்லாமயும் நல்லா ஓடுதே?"

"ஓம் அண்ணா. பிரேக் இல்லாத காரும் ஓடும்."

முரளி அவசரமாக ஹாலுக்குப் போய் டிவியைப் போட்டார்.

எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது. அடுத்த கேள்வியில் அது நின்றுவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு வடை நீங்கள்தானே? இந்தக் கிரைண்டரையோ விழா நடக்கிற ஹோலுக்குக் கொண்டுபோகப் போறியள்?"

ஆமாம், இதைத்தான். ஒவ்வொரு வருடமும் விழாவுக்குக் கடையிலிருந்து வடை வரும். காலையில் சுட்டது, மத்தியானம் நம் கைக்கு வரும். சுவரில் அடித்தால் திரும்பி வரும். இந்த வருடக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, "வடை என் பொறுப்பு. ஹால்லயே அரைச்சு, ஹால்லயே சுட்டு, சுடச்சுடத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். உளுந்தை வீட்டில் அரைத்துத் தூக்கிக்கொண்டு போனால் மாவு நீர்த்து எண்ணெய் குடிக்கும். அதனால் கிரைண்டரே வந்தாக வேண்டும். எப்சம் பகுதியிலிருந்து வரும் நாகராஜன் சார்தான் விழாக் குழுத் தலைவர். வருடா வருடம் கடைக்கு ஆர்டர் போடுகிறவரும் அவரே. "எதுக்கு மேடம் ரிஸ்க்?" என்று கேட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் வடை சுட்டாக வேண்டும்!

"ஹோல்ல ஆர் அரைக்கிறது?" ரெஜினா விடவில்லை.

"நானும், இன்னும் நாலஞ்சு அம்மாக்களும்."

"அவையள் எல்லாருக்கும் செருப்புக் குடுப்பியளோ?"

மாவு வழிக்கிற ஈரக் கைகள். ஸ்டீல் உடம்பு. வடை வாசனைக்குச் சமையலறைக்குள் ஓடி வருகிற வாண்டுகள். எனக்குப் பழகிப்போன சுர்ர், அவர்களுக்குப் பழகியதா? ஒரு சின்னப் பிள்ளை தொட்டால் அது சுர்ரோடு நிற்குமா? இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

"அதோட, அந்த ஹோலில சோதிச்சு அத்தாட்சி டேக் கட்டாத மின்சாமான் ஒண்டும் உள்ளுக்கு விடமாட்டினம்" என்றார் ரெஜினா. "நான் சோதிச்சுப் பாக்கிறன். பாஸ் பண்ணினா டேக் கட்டுவன். பண்ணாட்டி... நீங்கள் என்ட சொந்த அக்கா எண்டாலும் கட்டமாட்டன்."

வேனிலிருந்து பெட்டியோடு வந்தார். எங்கள் ஊர் பிளக்கை ஒரே வெட்டாக வெட்டினார். ஹாலிலிருந்து எட்டிப் பார்த்த முரளிக்கு முகம் சுருங்கியது. இந்த ஊர் பிளக் வைத்த புது ஒயர் போட்டு, மூன்றாவது காலை ஸ்டீல் உடம்போடு ஒழுங்காக இணைத்தார். பிறகு டெஸ்ட் செய்யும் கருவியில் செருகினார். முதல் சோதனை, எர்த் சரியாகப் போகிறதா என்று. பச்சை டிக். இரண்டாவது, உள்ளே எங்காவது கரண்ட் கசிகிறதா என்று. சிவப்பில் பெருக்கல் குறி.

ஃபெயில்!

"இதை எப்படிக் கழுவுறனியள்?" ரெஜினா சந்தேகமாகக் கேட்டார்.

"எப்படின்னா... சிங்க்ல வெச்சு, குழாயைத் திறந்து விட்டு, நல்லாத் தேச்சு..."

"மோட்டாரோடயோ?!"

"சுத்தம் வேணுமல்ல?"

ரெஜினா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. நன்றாகக் காய வேண்டும். காய்ந்தும் பச்சை வராவிட்டால் குப்பைதான். வெள்ளிக்கிழமை வந்து திரும்பச் சோதிப்பதாகச் சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துக் கிளம்பினார்.

காய வேண்டும். எங்கே காய? ஆக்லாந்தில் வாரம் முழுக்க மழை. துவைத்த சாக்ஸே காயவில்லை. கிரைண்டர் எங்கே காயும்? முரளி ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு வந்தார். நான் பார்த்த பார்வையில் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். போனில் நாகராஜன் சாரின் மெசேஜ்: "மேடம், ஃப்ரைடேக்குள்ள சொல்லிடுங்க. கடைக்கு கன்ஃபர்ம் பண்ணணும்." கடைசியில் ஒரு ஸ்மைலி. அதே சிரிப்பு.

அந்த ஸ்மைலியைப் பார்த்துக்கொண்டே, காயாத சாக்ஸை எங்கே போடுவது என்று யோசித்தபோதுதான் பொறி தட்டியது.

இந்த ஊர் வீடுகளில் வெந்நீர் சிலிண்டருக்கென்று தனியாக ஒரு அலமாரி உண்டு. எந்நேரமும் உள்ளே இதமான சூடு. மழைக்காலத்தில் துணிகள் அங்கேதான் காயும். துணி காயும் என்றால்... ரெஜினாவுக்குப் போன் போட்டேன். பதிலாக வந்தது அந்தத் தெருக்கோடிச் சிரிப்பு. "நல்ல யோசனை அக்கா! வையுங்கோ, வையுங்கோ!"

துண்டுகளையும் சாக்ஸையும் ஒதுக்கிவிட்டு, அடித்தட்டில் கிரைண்டரைக் குடிவைத்தேன். பிரசவமான வீட்டில் குழந்தையை எட்டி எட்டிப் பார்ப்பதுபோல், போகும்போதும் வரும்போதும் கதவைத் திறந்து பார்த்தேன். முரளி கிண்டல் செய்தார். நான் இல்லாதபோது அவரும் திறந்து பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ரெஜினா வந்தார். கருவியில் செருகினார். முதல் சோதனை பச்சை. இரண்டாவது...

பச்சை!

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ரெஜினாவைக் கட்டிக்கொண்டேன். முரளி என்னைவிடப் பெரிதாகக் கைதட்டினார். ரெஜினா ஒயரில் டேக்கைச் சுற்றிக் கட்டி, தேதி எழுதினார். "இனிமேல் ஈரத் துணியால துடைக்கிறது மட்டும்தான். விளங்கிச்சோ?" விளங்கியது. அதோடு விடவில்லை; மிக்ஸி பிளக்கையும் தேடிப் பிடித்து வெட்டி மாற்றிவிட்டுத்தான் போனார். டேக்கை ஒரு போட்டோ எடுத்து நாகராஜன் சாருக்கு அனுப்பினேன். கீழே ஒரே வரி: "கடைக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க சார்." ஸ்மைலி போடவில்லை. தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி சமையலறை வாசலிலேயே நின்று, ஒயரைக் கையில் எடுத்து, டேக்கைப் படித்து, "லவ்லி" என்றார். எத்தனையோ பேர் என் சமையலைப் புகழ்ந்திருக்கிறார்கள். அந்த ஒரு 'லவ்லி'க்கு எதுவும் ஈடில்லை.

கிரைண்டர் சுற்றியது. உளுந்து வெண்ணெயாகப் பொங்கியது. ஐந்து அம்மாக்கள் ஈரக் கையோடு மாறி மாறி வழித்தார்கள். ஒருவர் பேச்சு சுவாரசியத்தில் முழு உள்ளங்கையையும் ஸ்டீலில் ஊன்றிக்கொண்டு நின்றார். என் கண்கள் அந்தக் கையிலேயே இருந்தன. ஒன்றும் ஆகவில்லை. அவர் பாட்டுக்கு மாமியார் கதையைத் தொடர்ந்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். சத்தியமாகச் சந்தோஷம்தான்.

வடை வந்தது. மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. கலை நிகழ்ச்சி முடியும்வரை பொறுக்காமல் பாதிக் கூட்டம் சமையலறை ஜன்னலுக்கு வந்துவிட்டது. இங்கேயே பிறந்த வாண்டு ஒன்று, "ஆன்ட்டி, கேன் ஐ ஹேவ் அனதர் வடை, ப்ளீஸ்?" என்று மறுபடி மறுபடி வந்து நின்றது. 'வடை'யை மட்டும் சுத்தத் தமிழில் சொன்னது!

வடை ரெஜினாவால்தான் வந்தது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டில் வடையோடு உட்கார்ந்திருந்த அவரை யாரோ, "ஒங்களுக்கும் வடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டதுதான் தாமதம். அடாப்டரின் முன்னங்கால் பின்னங்கால் கதை முழுவதையும் அவர் தன் தெருக்கோடிக் குரலில் சொல்ல, ஹால் முழுவதற்கும் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக யோசனையில் ஆழ்வதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரவர் வீட்டுச் சமையலறைக்கு மனசு போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் ஹாலில் இரண்டு வரிசைகள். ஒன்று, வடைக்கு. இன்னொன்று, ரெஜினாவுக்கு.

இரண்டாவது வரிசையில் முதல் ஆளாக, போனில் தன் வீட்டு கிரைண்டர் படத்தைப் பெரிதாக்கிப் பிடித்தபடி நின்றவர்... நாகராஜன் சார்.