தலையாட்டிவிட்டு வந்தவன்

பெரியவர்கள் ஊர் மாறிப் போய் இன்னொரு மொழியை எப்படிக் கற்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. நான் அதைச் செய்த லட்சணம் எனக்குத்தான் தெரியும்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறை. அங்கே சாயம் போட்ட பட்டு நூலை அலசும் வேலையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தமிழை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை; காதில் விழுந்ததை வைத்தே பேசினார். எனக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். வாரம் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் அவர் பேச்சை செல்போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். சரி என்றவர், பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்.

“பொண்ணு ஸ்கூல் சேக்கணும். நான்தான் பேசணும். தப்பு பேசினா நீ சொல்லு.”

தலையாட்டினேன். ஆனால் நடுவில் திருத்தினால் பதிவு எதற்கும் உதவாது என்று என் வழிகாட்டி முதல் நாளே எச்சரித்திருந்தார். எல்லாம் முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் பட்டறை முதலாளியைக்கூட ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவார். வடக்கத்தி ஆள், அதுக்கு என்ன தெரியும் என்று மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் சிரிக்கவில்லை. அதைவிடக் கேவலம், நல்ல தீனி கிடைத்தது என்று உள்ளுக்குள் குஷியாக நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்தேன்.

ஏழாவது வாரம் போனபோது அவர் சாப்பிட வராமல் நூலை அலசிக்கொண்டே இருந்தார். கூட வேலை செய்கிற அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர், தலைமையாசிரியையிடம் “நீ உக்காரு, நான் சொல்றேன் கேளு” என்று ஆரம்பித்திருக்கிறார். மரியாதை தெரியாத வீட்டுப் பிள்ளை இங்கே வேண்டாம் என்று, அந்தச் சின்னப் பெண்ணின் எதிரிலேயே வெளியே அனுப்பிவிட்டார்களாம்.

அவர் அலசுவதை விட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீ படிச்ச ஆளு. உனக்குத் தெரியும்ல? ஏன் சொல்லல?”

மறுநாள் நானே பள்ளிக்கூடம் போய்க் கெஞ்சினேன். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து ஆறு வாரப் பதிவையும் முதலிலிருந்து போட்டுக் கேட்டேன். இப்படிப் பேச அவர் எங்கேதான் கற்றார் என்று பார்க்கத்தான். பின்னால் முதலாளி குரல்: “ஏ, இங்க வா.” மேஸ்திரி குரல்: “சீக்கிரம் சாப்ட்டு வந்து அலசு.” ஒருவர்கூட அவரை ‘நீங்க’ என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும், எல்லோரையும்விடத் தெளிவாக, இன்னொரு குரல் இருந்தது.

“உக்காரு. நீ பேசு, நான் கேட்டுக்கினு இருக்கேன்.”

அது என் குரல்.