அரை டம்ளர் காபி

அம்மா மாத்திரை போட்டாளா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அது பொய். போடச் சொன்னவளே நான்தான்!

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்தினால்தான் எனக்கு எதுவும் சொல்ல வரும்.

1. சுனாமிக்குப் பின் வந்த இரண்டாவது தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. நான் சிதம்பரத்தில் விடுதியில் தங்கி பி.ஃபார்ம் படித்துக்கொண்டிருந்தேன்.

2. பெரிய வியாழன் மாலை கடலூரிலிருந்து அம்மா போன் செய்தாள். "நாளைக்கு ஒருசந்திடி. சாயங்காலம் சிலுவை முத்தி முடிச்சிட்டுதான் கஞ்சி. அதுவரைக்கும் பட்டினி. சுகர் மாத்திர போடலாமா?"

3. "மாத்திரைய மட்டும் விட்டுடாதம்மா, சுகர் ஜாஸ்தியாயிடும்" என்றேன். ஊருக்குக் கிளம்பத் துணி மடித்துக்கொண்டே சொன்னேன்.

4. மறுநாள் பெரிய வெள்ளி, கோயிலில் சிலுவைப்பாதை. இயேசு மூன்றாம் முறை விழும் தலத்தில் அம்மாவும் விழுந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறியது.

5. நர்சிங் ஹோமில் அந்தக் கேள்வி. என் பொய்.

மருந்தியலின் முதல் வகுப்பிலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மருந்து உடலுக்குப் புதிய வேலை எதையும் கற்றுத் தருவதில்லை. ஏற்கெனவே நடக்கும் வேலையைக் கூட்டும், அல்லது குறைக்கும். அவ்வளவுதான்.

அம்மாவின் மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. சாப்பிட்டாயா என்று அது கேட்காது! வயிறு காலியாக இருந்தாலும் இன்சுலின் வரும். இரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சர்க்கரையும் இறங்கும். அந்த மாத்திரை உடலை விட்டுச் சீக்கிரம் போகவும் போகாது. குளுக்கோஸ் ஏற்றி ஆளை எழுப்பிய பிறகும் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும்... தேர்வில் எழுதியிருந்தேன். தாளில் ஓடி வந்த பதில் போனில் வரவில்லை.

அதைக்கூட மறதி என்று நீங்கள் விட்டுவிடலாம். பொய்யை என்ன செய்வீர்கள்?

டாக்டர் முதலில் அப்பாவைத்தான் கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம்பொண்ணு மருந்துக்குத்தான் சார் படிக்கிறா. அவளையே கேளுங்க" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி...

"இல்ல சார், போடல."

"அப்ப பட்டினி மயக்கம்தான்" என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, கஞ்சி கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

விடியற்காலையில் அம்மாவை எழுப்ப முடியவில்லை. கன்னத்தின் உட்புறம் சர்க்கரையைத் தேய்த்தேன். ஆட்டோ, மறுபடியும் அதே படுக்கை. இந்த முறை டாக்டரைத் தனியாக நிறுத்தி உண்மையைச் சொன்னேன்.

"நேத்தே சொல்லியிருந்தா அனுப்பியிருக்கவே மாட்டேனேம்மா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை, வீட்டாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மா பிழைத்தாள். ஈஸ்டரை வார்டில் கழித்தோம்.

ஆனால், என் மௌனம் அவளுக்குள் வேறொரு வேலை செய்தது. ஒருசந்தி அன்று காலையில், யாரும் பார்க்காமல் அடுப்பங்கரையில் அவள் அரை டம்ளர் காபி குடித்திருக்கிறாள், சர்க்கரை போட்டு. "ஆண்டவர ஏமாத்துனேன், அதான் தள்ளிட்டாரு" என்று நம்பினாள். அதற்காக ஒவ்வொரு தபசு காலமும் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அவளிடம் ஏற்கெனவே இருந்த பயத்தைத்தான் நான் கூட்டிவிட்டேன். அந்தச் சர்க்கரைதான் அவளைக் கொஞ்ச நேரமாவது தாங்கியிருக்கும் என்று தெரிந்தும்!

போன தபசு காலத்தில் அவள் மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்குப் புறப்பட்டு நின்றாள். என்னால் முடியவில்லை. செருப்பை மாட்ட விடாமல் உட்கார வைத்து, மாத்திரையையும் என் பொய்யையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப காப்பி இல்லியா?"

"காப்பியாலதாம்மா அவ்ளோ நேரம் தாங்குன."

"அடிப்பாவி! அந்த அர டம்ளருக்கு வருஷா வருஷம் போயி முட்டி போட்டேனேடி! 'இன்னுமாம்மா அந்தக் காப்பி'ன்னு சாமியாருக்கே சலிச்சுப்போச்சு."

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குள் எத்தனை வருட இறுக்கம் தளர்ந்தது தெரியுமா! பிறகு அவள் சிரிப்பு நின்றது.

"போன்ல தெரியாம சொல்லிட்ட, சரி. டாக்டரு கேட்டப்ப ஏன்டி இல்லன்ன?"

"அப்பா பக்கத்துல நின்னாரும்மா..."

"நானும் பக்கத்துலதானேடி படுத்திருந்தேன்."

முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். மன்னித்துவிட்டதாக இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போதைய நிலை இது. டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். அம்மா ஒருசந்தி இருப்பதில்லை. பெரிய வெள்ளியன்று காலையில், எல்லோரும் பார்க்க, முழு டம்ளர் காபி குடிக்கிறாள், சர்க்கரை இல்லாமல். மாத்திரையைப் பற்றி எதையும் என்னிடம் கேட்பதில்லை. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.