மச்சானுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர்

சிதம்பரத்தில் இருக்கும் என் மனைவியின் அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. உயிர் பிழைத்தானே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். ஆனால் அவன் வாயடிப்பு இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடலூரிலிருந்து நானும் அங்கிருந்து அவனுமாக, ஹாம் ரேடியோவில் காலைக் காபியோடு வம்பளந்தவர்கள் நாங்கள். இப்போது பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் தலையை ஆட்டுகிறான். வாட்ஸப்பில் என்ன கேட்டாலும் ஒரு கட்டைவிரல். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குரல் போனால் என்ன, ரேடியோவில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்ட விரல் இருக்கிறதே. அவனிடம் செட் இருந்தது. என்னுடையது வெள்ளத்தில் ஊறி, கேட்கிற பாகம் மட்டும் பிழைத்தது, அனுப்புகிற பாகம் செத்துவிட்டது. அதற்கு மாற்றாகக் கையில் இருந்தது கட்டிலுக்கடியில் கிடந்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். கல்யாண வீடுகளில் பாட்டுப் போட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து, நெல்லிக்குப்பம் காயலான் கடையில் இருவரும் சேர்ந்து கழற்றியது. "இதுல ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டலாம் மச்சான்" என்றவன் அவன்தான். கட்டவே இல்லை.

அதுவும் நனைந்திருந்தது. மாடியில் காயவைத்தேன். "வடகத்துக்குப் பக்கத்துல அத வெக்காதீங்க" என்று கத்திய என் மனைவி, அண்ணனுக்காக என்றதும் அவளே வெயிலுக்குத் தகுந்தபடி நகர்த்தி வைத்தாள்.

பழைய டிரான்ஸ்ஃபார்மரை நேராகக் கரண்டில் மாட்டக்கூடாது. நடுவில் ஒரு குண்டு பல்பைப் போட்டுத்தான் கொடுப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், வீடு தப்பிக்கும். மங்கலாகத்தான் எரிந்தது. ஒரு வால்வையும் கிரிஸ்டலையும் வைத்து டிரான்ஸ்மிட்டரைக் கட்டி முடித்தேன். பல்பை எடுக்க மட்டும் மனசு வரவில்லை. கரண்டு என்றால் எனக்கு எப்போதும் உள்ளூர உதறல். அதைச் சொல்லியே அவன் என்னை ஓட்டுவான்.

செட்டைப் போடச் சொல்லி மெசேஜ் அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அவனை அழைத்துத் தட்டினேன். தட்டத் தட்டப் பல்பும் எரிந்து எரிந்து அணைந்தது. பதில் இல்லை. மறுபடி தட்டினேன். காபியோடு வந்த மனைவி அப்படியே நின்றாள்.

"அண்ணனுக்குக் கேக்குதாங்க?"

அப்போதுதான் ஹெட்ஃபோனில் வந்தான். அதே அவசரம், எழுத்தோடு எழுத்து இடித்துக்கொண்டு, பேசுகிற மாதிரியே. ஒவ்வொரு எழுத்தாகக் குறித்துக்கொண்டேன்.

"பயந்தாங்கொள்ளி. சத்தம் இழுக்குது. பல்ப கழட்டு மச்சான்."

பல்பு தின்றதுபோகக் கரண்டு போதாமல் என் சத்தம் இழுத்ததை வைத்தே, சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு பல்பைப் பிடித்துவிட்டான்.

"என்னங்க சொல்லுது அண்ணன்?"

"திட்டுறான்" என்றேன். சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்பைக் கழற்றினேன்.