அமைதியானவளிடம் கொடுத்த சாவி

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆலங்குடாவில் சைக்கிள் கரியரில் ஒரு சாக்குக் கருவாட்டைக் கட்டிக்கொண்டு தொழில் தொடங்கினேன். இன்றைக்கு மீன் காயவைக்கும் வாடி இரண்டு, லொறி மூன்று. கொழும்புக் கடைகளில் நான் போனால் முதலாளி எழும்பிக் கதிரை தருவார். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. ஆளைப் பார்த்ததும் குணத்தைச் சொல்லிவிடுவேன், அதுதான் என் கைமுதல். வாடியில் ஸ்டோர்ச் சாவியை எப்போதும் வாய் பேசாத ஆளிடம்தான் கொடுப்பேன். வாயாடிகள் நன்றாக வேலை செய்வார்கள், சாவிக்கு ஆகமாட்டார்கள். இத்தனை வருடத்தில் அது ஒருதரமும் பிசகவில்லை.

பிசகியது என் வீட்டில்தான்.

மருமகன் கட்டாரில். மகளும் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் என்னோடுதான் இருக்கிறார்கள். மூத்தவளுக்குப் பதினாறு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். இளையவளுக்குப் பதினாலு. அவள் வீட்டில் இருப்பது மூன்றாம் வீட்டுக்குத் தெரியும். முற்றத்தில் போனை நட்டுவைத்து கோழிகளோடு ஆடி வீடியோ போடுவாள். மூத்தவள் எதுவும் போடுவதில்லை. மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன நோன்பின் முதல் நாள் மகள் சொன்னாள்:

“வாப்பா, மூத்தவட மாக்ஸ் எறங்கிப் போச்சி. சோதனைக்கு ரெண்டு மாசந்தான் ஈக்கிது. சாப்பாடும் ஒழுங்கில்ல. எனக்குப் பயமா ஈக்கிது.”

“சின்னவ போடுற சத்தத்துல அவ எப்படிப் படிக்கிற?” என்றேன். அன்றே சட்டம் போட்டேன். நோன்பு மாதம் முடியும்வரை, விடிய சுபஹுத் தொழுகையிலிருந்து நோன்பு திறக்கும்வரை இரண்டு போனும் அலுமாரியில்.

இளையவள் குதித்தாள். “உங்கட போன மட்டும் ஏன் பூட்டல்ல மூத்தப்பா?”

“என்ட போன்ல லொறி ஓடுது. ஒன்ட போன்ல கோழி ஆடுது.”

மூத்தவள் ஒரு சொல்லும் பேசாமல் போனை நீட்டினாள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அலுமாரிச் சாவியை அவள் கையிலேயே கொடுத்தேன்.

இளையவள் இரண்டு நாள் புலம்பினாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சமோசா மடிக்கப் போனவள் போனையே மறந்துவிட்டாள். மாலையில் அதை எடுக்கவும் ஞாபகம் வருவதில்லை. பள்ளிக்கூடம் நோன்பு லீவு; மூத்தவள் பகலெல்லாம் அறைக்குள் படித்தாள். நான் பள்ளிவாசலில் நாலு பேரிடம் என் சட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன்.

பத்தாம் நோன்பு. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக் கஞ்சி குடித்து முடித்திருந்தோம். மூத்தவள் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கப் போயிருந்தாள், சாவி மேசையில் கிடந்தது. கட்டாரில் இருக்கும் வாப்பாவுக்குப் பேசவேண்டும், போனை எடுத்துத் தாருங்கள் என்று இளையவள் கேட்டாள். அலுமாரியைத் திறந்து இரண்டையும் எடுத்தேன். ஒன்று குளிர்ந்திருந்தது. மற்றது சுட்டது.

சரியாகக் காயாத கருவாட்டை மூட்டை கட்டினால் மூட்டை உள்ளே சூடேறும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கையை வைத்தால்தான் தெரியும். என் கைக்கு அது நன்றாகத் தெரியும்.

“இது ஆர்ட?”

“ராத்தாட,” என்றாள் இளையவள். “ஒவ்வொரு நாளும் பகல் லுஹருக்குப் பொறகு எடுத்தா நோன்பு தொறக்கிற நேரந்தான் வைக்கிறா.”

“நீ ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நம்புவீங்களா? நான் வாயாடிதானே.”



ஈரக் கையோடு வாசலில் வந்து நின்ற மூத்தவள் என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு அழுதாள். மகள் திட்ட எழும்பினாள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“வகுப்புப் பிள்ளையளோட நான் கதைக்கிறது அதுலதான் மூத்தப்பா. நேர்ல எனக்குக் கதை வராது. ஒரு நாள் இல்லாட்டி என்ன மறந்துருவாங்க. கொஞ்சத்துல வைக்கணும் எண்டுதான் எடுக்கிற. வைக்க ஏலாம ஈக்கி.”

அத்தனை சொற்களை ஒரே மூச்சில் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. வாய் பேசாதவளுக்குப் பேச்சு எங்கேயாவது வேண்டும் என்பது, ஆளைப் பார்த்தே எடைபோடும் எனக்குத் தோன்றவே இல்லை. சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போடப் போனேன்.

“நீங்க வாணாம்,” என்றாள் மூத்தவள். “நான் கேட்டா நீங்க தந்துருவீங்க. அவக்கிட்டக் குடுங்க.”

வாயாடியிடம் சாவி. என் வாழ்நாளில் செய்யாத வேலை. செய்தேன்.

மறுநாள் பகல் லுஹர் தொழுதுவிட்டு முன்விறாந்தையில் சாய்ந்திருந்தேன். உள்ளேயிருந்து சண்டை கேட்டது.

“அஞ்சி நிமிஷம்டி!”

“தரமாட்டன். தரமாட்டன் எண்டா தரமாட்டன்!”

“நீ ஆருடி எனக்கு?”

“சாவிக்காரி!”

அஞ்சு நிமிஷம் கேட்டவள் மூத்தவள் என்று அறிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மூன்று அறை தாண்டி அவள் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. நோன்போடு சண்டை பிடிக்காதீர்கள் என்று சொல்ல எழும்பினேன். திரும்பச் சாய்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் இருவரும் சிரித்தார்கள். பிறகு மூத்தவள் வரலாற்றுப் பாடத்தைச் சத்தம்போட்டு வாசிக்கத் தொடங்கினாள். இளையவள் நடுநடுவே பிழை பிடித்துக்கொண்டிருந்தாள்.