சித்தியின் இடது கால்

சித்தியின் இடது கால் கொலுசு மட்டும் என்னிடம் இருக்கிறது. வலது கால் கொலுசு எங்கே போயிற்றோ தெரியாது. ஒற்றைக் கொலுசை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், உருக்கிப் போடு என்கிறார்கள். சொல்பவர்களுக்கென்ன, அவர்கள் சித்தியைப் பார்த்ததில்லை.

சித்தி பிறந்தபோது தலைக்கு முன் இடது கால் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மந்தைவெளியில் எங்கள் தெருவுக்கு அந்த யோகம் படைத்தவள் அவள் ஒருத்திதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் கூடத்தில் குப்புறப் படுப்பார்கள். முதுகைக் கீறிவிடக் கூடாதென்று கொலுசைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி பாதத்தால் மெல்ல நீவுவாள். சித்தப்பா ரங்கூனுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் கண்டவர். அக்கா வீட்டில் ஒண்டியிருந்த சித்திக்கு அந்தக் கால்தான் மரியாதை.

ஒரு நாள் காலை துணி உதறிக்கொண்டிருந்தவள், தோள்களுக்கு நடுவில் கத்தி இறங்கினாற்போல் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, அடிபடவில்லை. அப்படியானால் சுளுக்குத்தானே? ஊர் முதுகையெல்லாம் நீவியவளுக்கு நீவ ஆளில்லை. தன் முதுகில் தானே கால் வைக்க முடியுமா! ராயப்பேட்டையில் அப்படிப் பிறந்த ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அப்பா தேடிப் போனார். அவர் வேலைக்குப் போயிருந்தார். காத்திருந்து அழைத்து வருவதற்குள் விளக்கு வைத்தாகிவிட்டது. அவர் கால் வைப்பதற்கு முன்பே சித்தி என்னைக் கூப்பிட்டாள்.

"காலு மரத்துப்போச்சுடி, கிள்ளிப் பாரு" என்றாள் சித்தி என்னிடம். கிள்ளினேன். அவள் முகம் மாறவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார். தெளிவாக வரவேண்டியது ரத்தமாக வந்தது. "தண்டுவடத்தைச் சுத்தி ரத்தம் கசிஞ்சு நெருக்குது. அடிபடாமலே சிலருக்கு வரும். பிறவியிலேயே ரத்தக்குழாய் பலவீனமா இருந்திருக்கலாம், நிச்சயமாச் சொல்ல முடியல" என்றார். முதுகெலும்பைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். வலி போயிற்று, கால்கள் திரும்பவில்லை. "வலிச்ச உடனே கொண்டுவந்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் சுளுக்குப் பிடித்தவர்கள் எங்கள் வாசலைத் தாண்டி ராயப்பேட்டைக்குப் போனார்கள். போகிறவர்களின் முனகலை வைத்தே, கட்டிலில் கிடந்தபடி, இன்னார் என்று சித்தி சொல்லிவிடுவாள். எனக்குக் கேட்கச் சகிக்காது.

ஒரு மத்தியானம், வழக்கமாக வரும் மீன்காரி கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

"யம்மா, காலைக் கொஞ்சம் வைம்மா. குனிய முடியல."

"என் காலுதான் செத்துப்போச்சே, ஒனக்குத் தெரியாதா?"

"நடக்காட்டி இன்னா? மொதல்ல வந்த காலு இதானே? நானே எடுத்து வச்சிக்கிறேன்."

நான் கொலுசைக் கழற்றினேன். அவள் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் அந்தக் காலைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"சூடா இருக்கா?" என்று கேட்டாள் சித்தி.

"இருக்கும்மா. எதமா கீது."

ஆஸ்பத்திரியில்கூட அழாத சித்தி அன்று அழுதாள். மீன்காரி போனபின் கொலுசை மாட்டக் காலைத் தொட்டேன். பானைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது.

இப்போது அடையாற்றில் தனியாக இருக்கிறேன். இடுப்பு பிடித்துக்கொள்ளும் நாட்களில் அந்தக் கொலுசை எடுத்து வலிக்கிற இடத்தில் வைத்துக்கொள்வேன். சில்லென்றுதான் இருக்கும். "எதமா இருக்கு சித்தி" என்று சொல்வேன். கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை.