கதைக்கக்கூடிய வேகம்

என் கணவருக்கு நாட்பட்ட சுவாச நோய். துறைமுகத்துத் தூசியால் வந்தது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். துறைமுகத்தில் அவர் கணக்கெழுதியது கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறையில். அந்தக் கதவுக்கு வெளியே நின்று காலமெல்லாம் ஊதித் தள்ளிய சிகரெட்டுகளைப் பற்றி அவர் யாரிடமும் கதைப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிள்ளை, "ஐயா, சும்மா கதிரையில இருந்தா இன்னும் மோசமாகும். நடக்க வேணும். சமதரையில, மெல்லத் தொடங்கி. நடக்கேக்க கதைக்க ஏலுமெண்டா வேகம் சரி. பாட ஏலுமெண்டா காணாது, கூட்ட வேணும். கதைக்க ஏலாட்டிக் கூடிப்போச்சு, உடனே குறைக்க வேணும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்களும் கூடப் போய்க் கதை குடுங்கோ" என்றாள். கல்யாணம் கட்டிய நாள் முதல் "வாயை மூடும்" என்று கேட்டு வந்தவள் நான். எனக்கு அரசாங்கச் செலவில் கதைக்க அனுமதி கிடைத்தது.

கதைக்க என்னிடம் ஒரே விஷயம்தான் இருந்தது. எங்கள் மகள் சேர்ச்சுக்குப் போகும் ஒரு வேதக்காரப் பெடியனை விரும்பியிருந்தாள். அப்பா ஓம் என்றால்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் யாரையும் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கொழும்பில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வயதும் ஏறிக்கொண்டிருந்தது.

காலையில் உள்துறைமுக வீதியில் நடப்போம். மழை, மீன் விலை, பக்கத்து வீட்டார் குப்பை எரிக்கும் புகை, எதைக் கேட்டாலும் மனுஷன் மணிமணியாகப் பதில் சொல்லுவார். "பிள்ளையின்ர விஷயம்..." என்று தொடங்கினால் போதும், கால் இரண்டும் பறக்கும். ஓடிப்போய்ப் பிடித்தால் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இப்ப கதைக்க ஏலாது" என்பார். வைத்திய ஆலோசனையை இவ்வளவு கெட்டித்தனமாகப் பயன்படுத்திய நோயாளியை அந்த ஆஸ்பத்திரி கண்டிருக்காது.

ஒருநாள் நான் விடுவதாக இல்லை. "அவளுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்கள்?" என்றேன். அவர் சமதரையை விட்டு உவர்மலை ஏற்றத்தில் திரும்பி விறுவிறென்று ஏறினார். பாதியில் நின்றார். இந்த முறை நெஞ்சைத் தொட்டுக் காட்டவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. மதிலோரம் இருத்தி, முன்னால் சாய்த்து, கைகளை முழங்காலில் ஊன்றவைத்து, என் கைப்பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து அடித்துவிட்டேன். "ஒண்டும் கதைக்க வேண்டாம். நான் இனி ஒண்டும் கேக்கமாட்டன்" என்றேன். மெய்யாகத்தான் சொன்னேன். மகளின் கல்யாணம் எக்கேடு கெட்டாலும் இந்த மனுஷன் வேண்டும் என்று அந்த நேரம் நினைத்தேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

வாயைக் குவித்து மெல்ல மெல்ல மூச்சை விட்டார். நெடுநேரம் கழித்தே முகம் தெளிந்தது.

"அந்தப் பெடியன் சிகரெட் பத்துறவனோ?" என்றார்.

மதம் கேட்பார், குலம் கேட்பார், சம்பளம் கேட்பார் என்று பதில்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். "இல்லை" என்றேன்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும்."

"அவள் வந்து சொன்ன அண்டைக்கு நானும் அதைத்தான் முதல் கேட்டனான்" என்றேன்.

அதற்கு அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மூச்சு அப்போது சீராகத்தான் இருந்தது.