ஹீட்டரில் நான் கொடுத்த டைரக்ட்

ராயபுரத்தில் மின்சாதனங்கள் பழுது பார்க்கிறேன். ஒரு மழைக்காலத்தில், குறைமாதக் குழந்தைக்காக வாங்கிய ரூம் ஹீட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று மீன் விற்கும் செல்வி கொண்டுவந்தாள். உள்ளே தூசி அடைத்திருந்தது. சூடு மிஞ்சியதும் கட்-அவுட் மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறது. நான் தூசியைத் தட்டவில்லை. கட்-அவுட்டைக் கழற்றிவிட்டு ஒயரை டைரக்டாகக் கொடுத்தேன்; இனி எவ்வளவு சூடானாலும் அது தானாக நிற்காது. எங்கள் தொழிலில் இது சகஜம்.

மறுநாள் காலை, முன்பக்கம் உருகிப்போன ஹீட்டரோடு வந்து நின்றாள்.

“தொட்டில் துணி பத்திக்கிச்சுண்ணே. புள்ளைய தூக்கினு வெளியே ஓடியாந்துட்டேன். நாந்தான் கிட்ட வச்சுட்டேன் போல கீது. வூட்ல எல்லாரும் என்னியத்தான் திட்டுறாங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டு, “இனிமே தள்ளி வைம்மா” என்றேன்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறாள். செல்வி, மகள் பக்கத்தில் இருந்தால் அடுப்புகூடப் பற்றவைப்பதில்லை. தன் கையை நம்ப முடியவில்லையாம். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவன் நான்தான் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.